மூளையை ஸ்கேன் செய்தால் கட்சி தெரியுமா?

கேள்வி இதுதான்: "பழமைவாதிகளின் மூளையும் தாராளவாதிகளின் மூளையும் அமைப்பிலேயே வேறு என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் அரசியல் சார்பு பிறவியிலேயே வருவதா? எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் சிலர் மனம் மாறாததற்கு அதுதான் காரணமா? இதையெல்லாம் வைத்துக் கட்சிகள் நம் ஓட்டை வளைக்க முடியுமா?"

மூன்றுக்கும் சேர்த்துச் சுருக்கமாகச் சொன்னால்: ஒரு நம்பிக்கையை நாம் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறோம், யாராவது அதன்மேல் கை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மூளை அறிவியல் உருப்படியாகச் சில விஷயங்கள் சொல்கிறது. எந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதைப் பற்றி அதனால் சொல்ல முடிந்தது மிகக் கொஞ்சம். ஆனால் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றித்தான் வருகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் படித்த செய்தியின் மூலம் அனேகமாக 2011இல் வெளிவந்த லண்டன் ஆய்வாக இருக்கும். அது பிறந்த கதையே கொஞ்சம் வேடிக்கை. பிபிசி வானொலியின் காலைச் செய்தி நிகழ்ச்சி ஒன்றுக்கு நடிகர் காலின் ஃபர்த் விருந்தினர் ஆசிரியராக இருந்தார். நமக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் மூளையில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்ற குறும்பான சந்தேகத்தை அவர் கிளப்ப, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ரியோட்டா கனாய், ஜெரெயிண்ட் ரீஸ் ஆகியோர் அதைக் கொஞ்சம் ஒழுங்காகவே செய்து பார்த்தார்கள். 90 இளைஞர்களின் மூளை ஸ்கேனை எடுத்துக்கொண்டு, தங்களை எந்த அளவுக்குத் தாராளவாதி, எந்த அளவுக்குப் பழமைவாதி என்று கருதுகிறார்கள் என்று கேட்டு ஒப்பிட்டார்கள். பழமைவாதம் கூடக்கூட வலது அமிக்டலா சற்றுப் பெரிதாக இருந்தது. தாராளவாதம் கூடக்கூட முன் சிங்குலேட் என்ற பகுதி சற்றுத் தடிமனாக இருந்தது. முதலாவது ஆபத்தையும் அச்சத்தையும் கவனிக்கும் பகுதி, இரண்டாவது முரண்பாட்டையும் தவறையும் கண்டுபிடிக்கும் பகுதி. அப்புறம் என்ன, "பயந்தவன் பழமைவாதி, யோசிப்பவன் தாராளவாதி" என்று உலகம் முழுக்கத் தலைப்பு போட்டுவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் காலின் ஃபர்த்தின் பெயரும் இருக்கிறது.

13 ஆண்டுகள் கழித்து, 2024இல், நெதர்லாந்தில் 928 பேரின் ஸ்கேன்களை வைத்து இதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். முன் சிங்குலேட் விஷயம் காணாமலே போனது. அமிக்டலா விஷயம் தாக்குப்பிடித்தது, ஆனால் முன்பு சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. சராசரி வித்தியாசம் ஓர் எள் அளவு என்று சொல்லலாம். உங்கள் ஸ்கேனை வைத்து உங்கள் கட்சியை ஊகிக்க இது எந்த விதத்திலும் போதாது. அமிக்டலாவும் வெறும் பய உறுப்பு அல்ல. புதிதாக எதைப் பார்த்தாலும், பசிக்கும்போது சாப்பாட்டைப் பார்த்தாலும், பிடித்த முகத்தைப் பார்த்தாலும் அது வேலை செய்யும்.

இன்னொன்று. ஒரு பகுதி பெரிதாக இருக்கிறது என்பதால் அது பிறக்கும்போதே அப்படி இருந்தது என்று ஆகாது. அதே லண்டனில் எலனோர் மகுவாயர் டாக்ஸி ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. அந்த ஊரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்தால்தான் உரிமம் கிடைக்கும். படித்துத் தேர்வானவர்களுக்கு இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. தெருப் படிப்பு மூளையை மாற்றும் என்றால், இருபது வருடம் ஒரே மாதிரிப் பேச்சைக் கேட்டு வளர்வதும் மாற்றலாம். எது காரணம், எது விளைவு என்று ஒரு தடவை எடுத்த ஸ்கேன் சொல்லாது.

இந்தத் துறையில் பரபரப்பான முதல் ஆய்வும் சத்தமில்லாத மறு ஆய்வும் வழக்கமான ஜோடி. 2008இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 46 பேருக்குப் பயங்கரமான படங்களைக் காட்டினார்கள்: பயந்துபோன ஒருவர் முகத்தின் மேல் பெரிய சிலந்தி, ரத்தம் வழியும் முகம், புழு நெளியும் காயம். உள்ளங்கை வியர்வையை அளந்தார்கள். திடீர்ச் சத்தத்துக்குக் கண் எவ்வளவு பலமாக இமைக்கிறது என்றும் பார்த்தார்கள். ராணுவச் செலவு, மரண தண்டனை போன்றவற்றை ஆதரித்தவர்களுக்கு வியர்வையும் இமைப்பும் அதிகம் என்று முடிவு. 'சயின்ஸ்' இதழில் வந்தது, பாடப்புத்தகம்வரை போனது. பிறகு பெர்ட் பக்கரும் சக ஆய்வாளர்களும் நான்கு மடங்குக்கு மேல் ஆட்களை வைத்து அதையே செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. அந்தக் கட்டுரையை 'சயின்ஸ்' பரிசீலனைக்குக்கூட அனுப்பாமல் திருப்பிவிட்டது. 2020இல் வேறொரு இதழில் வந்தது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் கருவியையே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் எண்ணத்தைப் படம் எடுப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, அந்த மாற்றத்தைத்தான் காந்தப்புலத்தை வைத்து அளக்கிறார்கள். ரத்தம் வந்து சேர்வதற்குச் சில விநாடிகள் ஆகிவிடும். படத்தில் தெரியும் மிகச் சிறிய கட்டம் ஒன்றுக்குள்ளேயே பல லட்சம் நரம்பணுக்கள் இருக்கின்றன. சிவப்பும் மஞ்சளும் கணினி பூசிய வண்ணம், அதன் பின்னால் இருப்பது புள்ளியியல். அந்தப் புள்ளியியலில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று காட்ட, 2009இல் கிரெய்க் பென்னட் என்பவர் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அதன் மூளையிலும் 'செயல்பாடு' வரவைத்தார். மீனுக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்று மட்டும்தான் கேட்கவில்லை.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். 2022இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, ஏறத்தாழ 50,000 பேரின் ஸ்கேன்களை அலசிவிட்டு, மூளை அமைப்பையும் மனப்பான்மையையும் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்று சொன்னது. முப்பது நாற்பது பேரை வைத்துப் போட்ட முடிவுகளைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் சில ஆய்வுகளுக்கும் இது பொருந்தும்.

சரி, பிறவி என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு ஸ்கேனைவிட இரட்டையர் ஆய்வுகள் பயன்படுகின்றன. ஒரே கருவில் உருவான இரட்டையர்களையும் இரு கருக்களில் உருவான இரட்டையர்களையும் ஒப்பிட்டு, எதில் மரபின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். 2005இல் ஆல்ஃபோர்ட், ஃபங்க், ஹிப்பிங் ஆகிய மூவர் அமெரிக்க இரட்டையர்களின் தரவை வைத்து எழுதிய கட்டுரை பெரிய சலசலப்பை உண்டாக்கியது. மரண தண்டனை, பள்ளியில் பிரார்த்தனை போன்ற கேள்விகளில் கருத்துகளுக்கு ஓரளவு மரபுப் பங்கு இருந்தது. ஆனால் எந்தக் கட்சி என்று கேட்டபோது மரபின் பங்கு மிகவும் சுருங்கி, வளர்ந்த வீட்டின் பங்கு பெரிதாக நின்றது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் இன்னும் சுவாரசியமான ஒன்று தெரிந்தது: கட்சிப் பற்று எவ்வளவு தீவிரம் என்பதில் மரபுக்கு ஒரு பங்கு உண்டு. ஆக, ஒருவர் வெறித்தனமான கட்சிக்காரராக இருப்பதில் அவர் பிறவிக்குணத்துக்குக் கொஞ்சம் இடம் இருக்கலாம். அந்த வெறி எந்தக் கொடியைப் பிடிக்கும் என்பதை வீடும் தெருவும் தீர்மானிக்கின்றன.

'பழமைவாதி - தாராளவாதி' என்ற அளவுகோலையே அமெரிக்கா, பிரிட்டனைத் தாண்டிக் கொண்டுபோனால் அது ஆட்டம் காண்கிறது. 51 நாடுகளின் தரவை வைத்து ஏரியல் மால்காவும் சக ஆய்வாளர்களும் 2014இல் எழுதியதைப் பாருங்கள். பாதுகாப்பும் நிச்சயமும் அதிகம் தேடும் மனம், குடும்பம், மதம், ஒழுக்கம் போன்றவற்றில் பழமைப் பக்கம் சாய்கிறது. அதே மனம் பொருளாதாரத்தில் பல நாடுகளில் இடது பக்கம், அதாவது அரசாங்கம் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்ற பக்கம் சாய்கிறது. நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. ரேஷன் அரிசியும் இட ஒதுக்கீடும் உயிர் என்பார், குலதெய்வத்துக்கு வருடா வருடம் கிடா வெட்டுவார், மகள் வேறு சாதியில் கல்யாணம் செய்தால் வீட்டுக்குள் விடமாட்டார். இவரை அந்த அளவுகோலில் எங்கே உட்காரவைப்பது? நெதர்லாந்து ஆய்விலும் இப்படி ஒரு சங்கதி தலைகாட்டியது. அங்கே பொருளாதாரத்தில் தீவிர இடதும் சமூக விஷயங்களில் சற்றுப் பழமையுமான சோஷலிஸ்ட் கட்சிக்காரர்களின் வலது அமிக்டலா, மற்ற முற்போக்குக் கட்சிக்காரர்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. ஆகவே இந்த ஸ்கேன் முடிவுகளை அப்படியே தூக்கி வந்து திமுக மூளை, அதிமுக மூளை என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆதாரம் காட்டினாலும் ஏன் மாறுவதில்லை? இந்த இடத்தில்தான் மூளை ஆய்வுகளிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை வருகிறது.

2004இல் அமெரிக்காவில் ரிபப்ளிகன் கட்சியின் புஷ்ஷா, டெமாக்ரட் கட்சியின் கெர்ரியா என்று தேர்தல் சூடு பிடித்திருந்தது. எமரி பல்கலைக்கழகத்தின் ட்ரூ வெஸ்டன் குழு 30 ஆண்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்தது. 15 பேர் தீவிர ரிபப்ளிகன், 15 பேர் தீவிர டெமாக்ரட். கண் முன்னால் ஸ்லைடுகள் வரும். என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் தலைவர் கென் லே தனக்கு மிகவும் வேண்டியவர் என்று புஷ் 2000இல் சொன்னதாக ஒன்று. என்ரான் திவாலான பிறகு அந்தப் பெயரையே எடுக்காமல் இருக்கிறார் என்று அடுத்தது. முரண்பாடு எவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும். பிறகு, கென் லே தன்னை ஏமாற்றிவிட்டதாகப் புஷ் நொந்துபோயிருக்கிறார் என்று ஒரு சமாதானம். மறுபடி மதிப்பெண். கெர்ரிக்கும் இதே மாதிரி ஸ்லைடுகள், கட்சி சாராத நடிகர் டாம் ஹேங்ஸ் போன்றவர்களுக்கும் உண்டு. (சோதனைக்குத் தக்கபடி பல கூற்றுகளைத் தட்டிக்கொட்டி அமைத்திருந்தார்கள்.)

எதிராளியின் முரண்பாடு இரு தரப்புக்கும் பளிச்சென்று தெரிந்தது. தங்கள் தலைவருடையது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. இதில் இரு கட்சிக்கும் வித்தியாசம் இல்லை. அந்த நேரத்தில் ஸ்கேனில், நிதானமாகக் கணக்குப் போடும்போது வேலை செய்யும் நெற்றிப் பக்கப் பகுதி சும்மா இருந்தது. உணர்ச்சியையும் அதன் அமைதியையும் கவனிக்கும் பகுதிகள் சுறுசுறுப்பாயின. முதலில் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்கிறோம், காரணம் பின்னால் வருகிறது. செலவு செய்து முடித்துவிட்டு வவுச்சர் எழுதுகிற மாதிரி.

அந்த வவுச்சர் எவ்வளவு சரளமாக வரும் என்பதை ஸ்கேனே இல்லாமல் சுவீடனில் காட்டினார்கள். 2010 பொதுத்தேர்தலுக்கு முன்பு லார்ஸ் ஹால், பெட்டர் யோஹான்சன் குழு தெருவில் 162 வாக்காளர்களை நிறுத்தி, வரி, அணுசக்தி போன்ற 12 விஷயங்களில் கருத்துக் கேட்டது. ஆள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, ஆய்வாளர் எதிர்க் கூட்டணிக்குச் சாதகமான விடைகளை அதே மாதிரித் தாளில் குறித்துக்கொண்டு, கண்கட்டு வித்தை போல அசல் விடைகளின்மேல் ஒட்டிவிடுவார். பிறகு, "இதை ஏன் இப்படிக் குறித்தீர்கள்?" என்று கேட்பார். மாற்றிய விடைகளில் 22 சதவீதத்துக்கு மேல் பிடிபடவில்லை. மீதிக்கு, தாங்கள் சொல்லவே சொல்லாத கருத்துக்கு, மக்கள் நின்ற இடத்திலேயே நல்ல நல்ல காரணங்கள் சொன்னார்கள். மாற்றிய விடைகளைக் கூட்டி, எந்தக் கூட்டணிப் பக்கம் சாய்கிறார்கள் என்று காட்டிய மொத்த மதிப்பெண்ணையும் 92 சதவீதம் பேர் தங்களுடையது என்றே ஏற்றுக்கொண்டார்கள்.

இதைப் படித்தால் மக்கள் காற்றடிக்கும் பக்கம் சாய்வார்கள் போலத் தோன்றும். அங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. அவர்கள் மாறினார்கள், ஏனென்றால் அவர்களை யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் கதையே வேறு. 2016இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜோனஸ் கேப்லன் குழு, உறுதியான தாராளவாதிகள் 40 பேரை ஸ்கேனருக்குள் வைத்து, அவர்களுடைய நம்பிக்கைகளுக்கு எதிராக வரிசையாக ஐந்து ஐந்து வாதங்களைக் காட்டியது. "மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன்" என்ற நம்பிக்கைக்கு எதிராக, எடிசனுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஹம்ஃப்ரி டேவி மின்விளக்கு காட்டிவிட்டார் என்றால், "அப்படியா, சரி" என்று இறங்கிவந்தார்கள். துப்பாக்கிச் சட்டம் கடுமையாக வேண்டும் என்ற நம்பிக்கையின்மேல் கை வைத்தால் அசையவில்லை. அப்போது வேலை செய்த பகுதிகள், நாம் நம்மைப் பற்றியே நினைக்கும்போது வேலை செய்பவை. கருத்தை அசைக்காதவர்களுக்கு அமிக்டலாவும், உடலின் உள் உணர்வுகளைக் கவனிக்கும் இன்சுலா என்ற பகுதியும் கூடுதலாகத் துடித்தன. எடிசன் போனால் யாருக்கும் ஒன்றும் போகவில்லை. கட்சிக் கருத்து போனால் நான் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது, நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

அந்த 'நம் ஆட்கள்' விஷயத்தை மூளை மிகச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. ஜே வான் பாவெல் 2008இல் செய்த சோதனையில் வெள்ளையர்களை, வெள்ளையரும் கறுப்பரும் கலந்த ஒரு கற்பனை அணியில் சேர்த்து, அணி உறுப்பினர்களின் முகங்களைச் சில நிமிடங்கள் மட்டும் பழகச் சொன்னார்கள். ஸ்கேனில் அமிக்டலா நிறத்தைப் பார்க்கவில்லை, அணியைப் பார்த்தது. நிறம் என்பது எவ்வளவு பழைய பிளவு, ஆனால் சில நிமிட அணி அதை ஓரங்கட்டிவிட்டது. மூளைக்கு ஓர் அணி வேண்டும், எந்த அணி என்பதை வெளியிலிருந்து கொடுத்துவிடலாம். நான் ஆரம்பத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்னும் கனமான உதாரணம் பார்சிலோனாவில் இருக்கிறது. ஸ்காட் அட்ரன், நஃபீஸ் ஹமீத், கிளாரா பிரெட்டஸ் ஆகியோர் அங்குள்ள பாகிஸ்தானியச் சமூகத்தில் லஷ்கர்-இ-தொய்பாவை ஆதரித்த 30 ஆண்களைப் பேசிச் சம்மதிக்கவைத்து ஸ்கேன் செய்தார்கள். ஆய்வு 2019இல் வந்தது. "இதற்காகச் சண்டை போடுவீர்களா, உயிரைக் கொடுப்பீர்களா?" என்பது கேள்வி. புனிதம் என்று அவர்கள் கருதிய விஷயங்களில், லாபநஷ்டம் பார்க்கும் நெற்றிப் பகுதி அடங்கிவிட்டது. அதாவது அங்கே கணக்குப் போடுவது நின்றுவிட்டது. ஆனால், உங்கள் சமூகத்தில் மற்றவர்கள் இதற்காக அந்த அளவுக்குப் போகத் தயாராக இல்லை என்று காட்டியபோது அவர்களுடைய தீவிரம் குறைந்தது, அந்தப் பகுதியும் மறுபடி வேலை செய்தது. இதே குழு மொராக்கோ வம்சாவளி இளைஞர்களிடம் செய்த வேறொரு சோதனையில், கணினிப் பந்து விளையாட்டில் வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கு, முன்பு புனிதமாக இல்லாத விஷயங்கள்கூடப் புனிதம் போல ஆகத் தொடங்கின. ஒருவரை வாதத்தில் மடக்குவதும் அவருக்கு ஒதுக்கிவைப்பது போலத்தான் படும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவுக்கு உண்மை சரிபார்ப்பு லிங்க் அனுப்பி அனுப்பி ஓய்ந்தவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் யாருமே மாறமாட்டார்களா? மாறுகிறார்கள், மெதுவாக. மயாமியில் திருநர் உரிமை பற்றி வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிடம் பேசிய ஒரு முயற்சியை டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் 501 வாக்காளர்களிடம் அளந்து 2016இல் வெளியிட்டார்கள். வந்தவர் வாதம் வைக்கவில்லை. உங்களை யாராவது வித்தியாசமானவர் என்று தள்ளிவைத்ததுண்டா என்று கேட்டு, சொல்ல விட்டு, காது கொடுத்தார். மனப்பான்மையில் ஏற்பட்ட மாற்றம் மூன்று மாதம் கழித்தும் இருந்தது. (இந்த இருவரும்தான் அதற்கு முந்தைய வருடம், இதே போன்ற ஒரு பிரபல ஆய்வின் தரவு ஜோடிக்கப்பட்டது என்று அம்பலப்படுத்தியவர்கள். அதனால் இவர்கள் கணக்கை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறேன்.)

கடைசியாக, கட்சிகள் இதை வைத்து ஓட்டை வளைக்குமா என்பது. முயற்சிக்குக் குறைவில்லை. 2007 நவம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு கட்டுரை வெளியிட்டது. முடிவு செய்யாத 20 வாக்காளர்களை ஸ்கேன் செய்து, அதிபர் வேட்பாளர்களைப் பார்த்து அவர்கள் மூளை என்ன சொன்னது என்று எழுதியிருந்தார்கள். இவரைப் பார்த்து அமிக்டலா ஒளிர்ந்தது, ஆகவே பதற்றம். அவரைப் பார்த்து இன்சுலா ஒளிர்ந்தது, ஆகவே அருவருப்பு. இப்படிப் பின்னோக்கி ஊகிப்பது தவறு என்று மூன்றே நாளில் 17 நரம்பியல் அறிஞர்கள் கையெழுத்திட்டு மறுப்புக் கடிதம் அனுப்பினார்கள். இன்சுலா வலிக்கும் வேலை செய்யும், ருசிக்கும் வேலை செய்யும், சொந்த இதயத்துடிப்பைக் கவனித்தாலும் வேலை செய்யும். அந்தக் கட்டுரையின்படி வாக்காளர் மூளையில் பெரிதாக எந்தச் சலனத்தையும் ஏற்படுத்தாத இருவர் ஒபாமாவும் மெக்கெய்னும். அடுத்த வருடம் இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் அவர்களேதான்.

மெக்சிகோவில் ஆளும் கட்சியாக இருந்த பிஆர்ஐ, வாக்காளர்களின் மூளை அலை, முகபாவம், வியர்வை இவற்றையெல்லாம் அளக்கும் நிறுவனங்களைப் பயன்படுத்தியது 2015இல் செய்தியானது. எதிர்ப்பு கிளம்பியதும் இனிமேல் செய்யமாட்டோம் என்று கட்சித் தலைமை சொன்னது. 2018 அதிபர் தேர்தலில் அந்தக் கட்சி மூன்றாவது இடத்துக்குப் போனது. ஊழல் புகார்களும் வன்முறையும் விலைவாசியும் மக்களுக்குக் கண் முன்னால் இருந்தன. அதை அறிந்துகொள்ள ஸ்கேனர் வேண்டியதில்லை.